ஐம்பது வருடம், அதே பாட்டில்கள்: ஜார்ஜோ மொராந்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மொராந்தி?

இத்தாலிய ஓவியர். பொலோன்யா நகரில் 1890 ஜூலை 20 அன்று பிறந்தார், அதே நகரில் 1964 ஜூன் 18 அன்று இறந்தார். 1909-இல் அப்பா இறந்துவிட்டார். அடுத்த வருடம் குடும்பம் வியா ஃபொந்தாட்சா தெருவில் 36-ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தது. அன்றிலிருந்து சாகும்வரை அவருடைய விலாசம் அதுதான். அம்மா, மூன்று தங்கைகள், இவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்டுடியோவும் படுக்கையறையும் ஒரே அறை: ஒற்றைக் கட்டில், மேசைகள், முற்றத்தைப் பார்த்த ஜன்னல். அலமாரியிலும் தரையிலும் பாட்டில், ஜாடி, டப்பா. அந்தச் சாமான்களைத்தான் ஏறத்தாழ ஐம்பது வருடம் திரும்பத் திரும்ப வரைந்தார்.

வாழ்நாள் முழுக்க பாட்டில் மட்டும்தானா?

இல்லை. தைல வண்ண ஓவியங்கள் ஏறத்தாழ 1,350, எட்சிங் என்ற வகை அச்சுப் படங்கள் 133 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீர்வண்ணமும் பென்சில் படங்களும் தனி. இவற்றில் பெரும்பகுதி வீட்டுச் சாமான்கள்தான். மீதியில் ஜன்னல் வழியே தெரிந்த முற்றம், பொலோன்யாவுக்குத் தெற்கே கிரிட்சானா என்ற மலைக்கிராமத்தின் நிலக்காட்சிகள், பூக்கள், இளவயதில் வரைந்த சில சுயஉருவங்கள் வரும். பூக்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பல படங்களில் இருப்பது பட்டுத்துணியில் செய்த பூ அல்லது காய்ந்த பூ. வாடுகிற பூ அவருடைய வேகத்துக்குக் காத்திருக்காது.

படங்களுக்கெல்லாம் ஒரே பெயராமே?

சாமான் படங்களுக்கு ஆமாம். ‘நத்தூரா மோர்த்தா’. அசையாப் பொருட்களை வைத்து வரையும் ஸ்டில் லைஃப் வகை ஓவியத்துக்கு இத்தாலியில் வழங்கும் பெயர் அது, நேர்ப்பொருள் ‘செத்த இயற்கை’. எந்தப் படத்தைச் சொல்கிறோம் என்று தெரிய வருடத்தையும் பட்டியல் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ‘எனக்குப் பிடித்த மொராந்தி’ என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் கையை ஆட்டி ஆட்டித்தான் விளக்க வேண்டியிருக்கும்: இடது பக்கம் நெடிய வெள்ளை பாட்டில், பக்கத்தில் மஞ்சள் டப்பா, முன்னால் ஒரு கிண்ணம்…

அப்படி என்ன பொருட்கள் அவை? விலை உயர்ந்தவையா?

வயிற்றுப்பகுதியில் வரிவரியாக மடிப்பு வைத்த நெடுங்கழுத்து வெள்ளை பாட்டில், எண்ணெய் விளக்கு, காபிக் கூஜா, புனல், நீலமும் வெள்ளையும் கலந்த கிண்ணம், தகர டப்பாக்கள், அட்டைப்பெட்டிகள், பூ ஜாடிகள். சமையலறையில் ஓய்வு பெற்றவை, பழைய சாமான் சந்தையில் கிடைத்தவை. டப்பாக்களின் மேல் இருந்த எழுத்தெல்லாம் போய்விடும். ஒன்று லேபிளை உரித்துவிடுவார், இல்லையென்றால் மேலே வண்ணம் பூசி மறைத்துவிடுவார். எந்தக் கம்பெனி, உள்ளே என்ன இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத தகவல்.

விலை பற்றிய கேள்விக்கு ஒரு சம்பவமே பதில். லூயிஜி மன்யானி என்ற செல்வந்தர், இசை அறிஞர், மொராந்தியின் படங்களை ஆசையாகச் சேர்த்தவர். தன்னிடமுள்ள பழங்கால இசைக்கருவிகளை வைத்து ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். வேலைப்பாடு நிறைந்த அருமையான கருவிகள். மொராந்தி பார்த்தார், மறுக்கவும் இல்லை. ஆனால் கடைசியில் 1941-இல் கையில் கொடுத்த படத்தில் இருந்தவை, பழைய சாமான் சந்தையில் அவரே தேடிப்பிடித்த மலிவான கருவிகள். மன்யானியின் வீடு இன்று பார்மாவுக்கு அருகே அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தப் படமும் அங்கேதான்.

எனக்கு இது அடக்கத்தின் கதையாகப் படவில்லை, கறாரான தொழில் முடிவாகத்தான் படுகிறது. அழகாகச் செய்யப்பட்ட பொருள் ஏற்கெனவே தன்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டது. ஓவியனுக்கு அதில் வேலை மிச்சம் இல்லை.

தூசியே தட்ட மாட்டாராமே, உண்மையா?

உண்மை. சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் செசான் பற்றிய ஆய்வுக்குப் பேர்போன கலை வரலாற்றாசிரியர் ஜான் ரிவால்ட் 1964-இல் அந்த அறைக்குப் போயிருக்கிறார். அலமாரிகளில் படிந்திருந்த தூசி, அழுக்காகத் தெரியாமல் தடித்த, மெத்தென்ற சாம்பல் நிறப் போர்வை மாதிரி இருந்தது என்று எழுதினார்.

கண்ணாடி பாட்டில் ஒன்றை ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டு தொல்லை தெரியும். ஒன்று, பின்னால் இருப்பதெல்லாம் ஊடுருவித் தெரியும். இன்னொன்று, ஜன்னலே சின்னதாக வளைந்து பாட்டிலின் தோளில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். கண் நேராக அந்தப் பளபளப்புக்குத்தான் போகும். பாட்டிலின் உருவம் இரண்டாம்பட்சம்.

முதல் தொல்லைக்கு மொராந்தி கண்ட வழி, பாட்டிலுக்கு உள்ளே வண்ணம் ஊற்றிச் சுவரில் படியவிடுவது. ஊடுருவல் நின்றுவிடும், பாட்டில் கெட்டியான திண்மமாகிவிடும். இரண்டாவதற்கு, வெளிப்பக்கம் பளபளப்பில்லாத வண்ணத்தைப் பூசுவது, அல்லது தூசியை அதன் வேலையைச் செய்ய விடுவது. தூசி படிந்த பரப்பு வெளிச்சத்தைத் தெறிக்கவிடாமல் நாலாபக்கமும் பரவவிடும். அதாவது கேன்வாஸில் தூரிகை வைப்பதற்கு முன்பே பொருளின் மேல் பாதி ஓவியம் வரைந்தாகிவிட்டது.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்?

தூரிகை வேலை பல சமயம் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வேலைதான் நீளும். எந்தப் பாட்டிலோடு எந்தப் பாட்டில் சேரும், அவற்றுக்கு எந்த நிறத் துணி ஒத்துவரும் என்று வாரக்கணக்கில் யோசிப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு யோசித்தும் பொருட்களுக்கு இடையிலான இடைவெளியில் கோட்டை விட்டுவிடுவதாகவும் குறைப்பட்டுக்கொண்டார்.

மேசைகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்றில் பொருட்கள் கண்மட்டத்துக்கு வந்து நிற்கும். அப்போது மேசையின் மேற்பரப்பே தெரியாது, எல்லாம் ஒரே விளிம்பின் மேல் வரிசை கட்டியதுபோல் இருக்கும். தாழ்ந்த மேசையில் வைத்தால் மேலிருந்து பார்ப்பதுபோல் கிண்ணத்தின் வாய் வட்டமாகத் திறக்கும். மேசையின் மேல் காகிதம் விரித்து, பொருளை வைத்த இடத்தில் அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிடுவார். நாளைக்கு ஒரு நூல் நகர்ந்தாலும் தெரிந்துவிடும். அந்தக் காகிதங்கள் இன்னும் இருக்கின்றன: வட்டத்தின் மேல் வட்டம், சதுரத்தின் மேல் வட்டம், ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். ஆங்கிலக் கலைஞர் டாசிட்டா டீன் 2009-இல் அந்தக் கோடுகளை மட்டுமே காட்டி ஒரு குறும்படம் எடுத்தார்.

சரி, எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கிறது? இதில் என்ன பார்ப்பது?

நியாயமான கேள்வி. நானும் முதலில் புத்தகத்தில் நாலு படம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டவன்தான்.

ஓவிய வகுப்பில் ஆரம்பத்திலேயே ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பொருட்களை வரையும்போது ஒன்று நன்றாக விலக்கி வை, இல்லையென்றால் ஒன்றை இன்னொன்று நன்றாக மறைக்கும்படி வை. விளிம்பும் விளிம்பும் உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. உரசினால் எது முன்னால், எது பின்னால் என்று கண் குழம்பும். 1950-களில் மொராந்தி வரைந்த படங்களைப் பார்த்தால், இந்த விதியை மீறுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்த மாதிரி தோன்றும். பின்னால் நிற்கும் பெட்டியின் மேல் விளிம்பும் முன்னால் நிற்கும் பாட்டிலின் தோளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். ஜாடியின் நிழல் பக்கத்து டப்பாவின் நிறத்திலேயே இருக்கும், எங்கே ஜாடி முடிகிறது, எங்கே டப்பா ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டு வெள்ளை பாட்டில்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்தில் பழுப்பு நிறப் பட்டை ஒன்று தெரியும். அது மூன்றாவது பாட்டிலா, பின்சுவரா? கொஞ்ச நேரம் பாட்டிலாகத் தெரியும், அப்புறம் சுவராகிவிடும்.

அதனால் பொருளைப் பார்ப்பதை விட்டு இடுக்கைப் பார்க்க ஆரம்பியுங்கள். ஒரே ஐந்து பொருட்களை வைத்து அடுத்தடுத்து அவர் வரைந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒன்றில் டப்பா அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளியிருக்கும். அந்த அரை அங்குலத்தில் இடுக்கு அடைபட்டுப்போய், ஐந்து பொருளும் தோளோடு தோள் நெருக்கி ஒற்றைக் கட்டியாகிவிடும். அடுத்ததில் இடுக்கு திறந்திருக்கும், காற்று புகும். பொருட்களை மாற்றியிருந்தால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருக்காது. புதுப் பொருளை வேடிக்கை பார்ப்பதிலேயே கவனம் போயிருக்கும். அவர் ஏன் வேறு எதையும் தேடிப் போகவில்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மேசைக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பொருளும் அவருக்கு இடைஞ்சல்.

விளிம்புக் கோடுகளையும் கவனியுங்கள். பாட்டிலின் பக்கம் நேராக இருக்காது, லேசாக நடுங்கும். தூரிகையின் தடம் பொருளைச் சுற்றி ஓடும், சில இடங்களில் பின்னணி வண்ணம் பாட்டிலின் மேல் ஏறி வந்து அதை ஒரு மயிரிழை ஒல்லியாக்கியிருக்கும்.

நிறம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

பொலோன்யா ஊரே காவி, மஞ்சள், செங்கல் நிறச் சுவர்களும் நீளநீளமான தூண் தாழ்வாரங்களும் கொண்டது. அந்த நிறங்கள்தான் படத்தில் வருகின்றன என்று பலர் சொல்வதுண்டு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு காரணம் கண் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அடர் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு சாம்பல்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம் காணாமல் போய்விடும். சிவப்பை எடுத்துவிட்டால், இது ரோஜா நிறம் சாய்ந்த சாம்பல், அது பச்சை சாய்ந்த சாம்பல் என்று கண் தானாகப் பிரிக்க ஆரம்பிக்கும். மொராந்தியின் படத்தில் ஒரு துளி நீலமோ ஆரஞ்சோ வந்தால் மணி அடித்ததுபோல் இருப்பது இதனால்தான்.

இது எதுவும் ஃபோன் திரையில் சரியாகத் தெரியாது. படங்களும் சின்னவை, பல படங்களின் ஒரு பக்கம் நாற்பது சென்டிமீட்டரைக்கூடத் தாண்டாது.

இந்தப் பாணிக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

1907 முதல் 1913 வரை பொலோன்யா நுண்கலைக் கழகத்தில் படித்தார். 1910-இல் ஃபுளோரன்ஸ் போய் பழைய இத்தாலிய மேதைகளான ஜோட்டோ, மசாச்சோ ஓவியங்களைப் பார்த்தார். செசானைப் பெரும்பாலும் அச்சுப் படங்கள் வழியாகத்தான் முதலில் அறிந்தார். அந்த வயதில் பாரிஸுக்கு அவர் போனதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் மீது பெரிய மரியாதை. பிரெஞ்சுக் கலைக் கழகம் சரித்திரக் காட்சிகளை உச்சியிலும் உயிரில்லாப் பொருட்களைக் கடைசிப் படியிலும் வைத்திருந்த காலத்தில், செம்புப் பாத்திரத்தை வரைந்தே பெயர் வாங்கியவர் ஷார்தேன்.

நடுவே 1918 வாக்கில் சில வருடம் ‘மெட்டாஃபிசிக்கல்’ பாணி. அந்தப் பாணியின் இத்தாலிய ஓவியர்கள் தெ கிரிகோ, கர்ரா ஆகியோரின் தாக்கம். முகமில்லாத பொம்மை, பந்து, பெட்டி என்று கனவு மாதிரியான படங்கள், கோடெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நேர்த்தியான படங்கள்தான், ஆனால் அவை இன்னொருவர் வீட்டில் விருந்துக்குப் போனதுபோல். 1920-இல் மறுபடி தன் மேசைக்கே வந்துவிட்டார்.

எட்சிங் என்பது என்ன? அதில் அவர் அவ்வளவு பெரிய ஆளா?

செம்புத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, ஊசியால் அதைக் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறின இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக்காகிதத்தோடு அச்சு உருளையில் அழுத்தினால் படம் காகிதத்துக்கு வந்துவிடும். மொராந்தி இதைப் பெரும்பாலும் பழைய கையேடுகளை வைத்துத் தானே கற்றுக்கொண்டார். 1930-லிருந்து 1956 வரை, தான் படித்த அதே கழகத்தில் எட்சிங் பேராசிரியராகவும் இருந்தார்.

இதில் வண்ணம் இல்லை, தூரிகைத் தடம் இல்லை. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோடுகள் மட்டும். இருட்டு வேண்டுமென்றால் கோட்டின் மேல் கோடு, வெளிச்சம் வேண்டுமென்றால் கோடு போடாமல் விட்ட காகிதம். சில எட்சிங்குகளில் பொருளைச் சுற்றியுள்ள இருட்டை மட்டும் கோடுகளால் நெய்திருப்பார், பாட்டில் வெறும் வெள்ளைக் காகிதமாக நடுவில் நிற்கும். தைல வண்ணம் பிடிபடாதவர்கள் எட்சிங்கிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

உலகத்தையே துறந்த துறவி என்கிறார்களே?

பாதி உண்மை. ஊரைவிட்டு அதிகம் போகாதவர், அமைதியானவர், வெளிநாடு என்று போனதே கடைசிக் காலத்தில், அதுவும் சுவிட்சர்லாந்துக்கு. ஆனால் துறவி என்ற படம் கொஞ்சம் வசதியான படம்.

1914-லிருந்து 1929 வரை ஆரம்பப் பள்ளிகளில் டிராயிங் வாத்தியார். 1915-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, உடல்நலம் கெட்டு, சீக்கிரமே திருப்பி அனுப்பப்பட்டார். இருபதுகளில் முசோலினியின் ஃபாசிச ஆட்சியோடு நெருக்கமாக இருந்த கலை வட்டங்களின் பத்திரிகைகளில் அவருடைய படங்கள் வந்தன, கண்காட்சிகளிலும் கலந்துகொண்டார். 1928-இல் எழுதிய சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் ஃபாசிசத்தின் மேல் தமக்கு இருந்த நம்பிக்கையை வெளிப்படையாகவே சொன்னார். 1930-இல் பேராசிரியர் பதவி, போட்டித் தேர்வு இல்லாமல் அவருடைய புகழை முன்னிட்டு வழங்கப்பட்டது. மறுபக்கம், 1943-இல் ஃபாசிச எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த நண்பர்களோடு தொடர்பு இருந்ததற்காகக் கைதாகிச் சில நாட்கள் சிறையில் இருந்தார். அப்புறம் கிரிட்சானாவுக்குப் போனார். போர்முனை அந்த மலைகளை நெருங்கியதும் 1944-இல் பொலோன்யாவுக்குத் திரும்பினார். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு ‘பாட்டில்களோடு வாழ்ந்த ஞானி’ என்று சொல்வது அவருக்கும் நியாயமில்லை, சரித்திரத்துக்கும் நியாயமில்லை.

புகழும் தேடி வந்தது. 1934-இலேயே கலை அறிஞர் ரொபெர்த்தோ லோங்கி, பொலோன்யா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய முதல் உரையில், இத்தாலியில் வாழும் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவர் என்று இவரைக் குறிப்பிட்டார். 1948-இல் வெனிஸ் பியெனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பரிசு. பிரேசிலின் சாவ் பாலோ பியெனாலேயில் 1953-இல் எட்சிங்குக்கு, 1957-இல் ஓவியத்துக்கு.

கடைசிக் காலப் படங்கள் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்தவை அவை. அறுபதுகளின் நீர்வண்ணங்களில் பாட்டில் என்று சொல்ல இரண்டு மூன்று தீற்றல்கள்தான் இருக்கும். பல இடங்களில் பாட்டிலை வரையவே இல்லை. இரண்டு நிழல்களை வரைந்து நடுவில் காகிதத்தை விட்டுவிட்டார், அந்த வெற்றிடம்தான் பாட்டில். எதார்த்தத்தைவிட அருவமானது எதுவுமில்லை என்பது அவருடைய புகழ்பெற்ற கருத்து. இந்த நீர்வண்ணங்களைப் பார்த்தபிறகுதான் அதை அவர் சாமர்த்தியத்துக்குச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

பொலோன்யாவில் மொராந்தி அருங்காட்சியகம் 1993-இல் நகராட்சி மாளிகையான பலாட்சோ தக்கூர்சியோவில் தொடங்கியது, 2012-இல் நவீன கலை அருங்காட்சியகமான மாம்போவுக்கு மாறியது. கடைசித் தங்கை மரியா தெரேசா கொடுத்த படைப்புகள் அதற்கு அடித்தளம். வியா ஃபொந்தாட்சா வீடு 2009-லிருந்து பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது, கட்டிலும் மேசையும் பாட்டில்களும் அங்கே இருக்கின்றன. கிரிட்சானா 1985-இல் தன் பெயரையே கிரிட்சானா மொராந்தி என்று மாற்றிக்கொண்டது. அங்கேயும் அவருடைய வீடு உண்டு.

நானும் இப்படி வரைந்து பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

வீட்டில் இருப்பதில் மூன்று பொருள் போதும், உயரம் மூன்றும் வேறாக இருக்கட்டும். லேபிளை உரித்துவிடுங்கள். ஒற்றை ஜன்னல் வெளிச்சம், மின்விளக்கு வேண்டாம். கண்மட்டத்துக்கு வரும்படி ஏதாவது பெட்டியின் மேல் வையுங்கள். முதலில் பொருட்களை வரையாமல் அவற்றுக்கு இடையிலுள்ள இடுக்குகளின் வடிவத்தை மட்டும் பென்சிலில் வரையுங்கள். அப்புறம் ஒரே ஒரு பொருளை விரல் அகலம் நகர்த்திவிட்டு, மறுபடி இடுக்குகளை வரையுங்கள். இப்படி ஐந்தாறு தாள் ஆனபிறகு வண்ணத்தை எடுக்கலாம். அடியில் காகிதம் விரித்துப் பொருட்களைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் யாராவது அந்த மேசையைச் சுத்தம் செய்துவிடுவார்கள்.